வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி

பள்ளிக்கூட மணி அடிக்கும்போது என் மகள் மயங்கி விழுவாள். மூன்று முறை அப்படி ஆனது. முதல் டாக்டர் சத்து டானிக் எழுதினார். அடுத்தவர் வலிப்பு என்றார். மூன்றாமவர்தான் இசிஜியைப் பார்த்துவிட்டு, "இதயத்துடிப்புல கோளாறு. பரம்பரையா வர்றது. இதுக்குன்னே இருக்கிற டாக்டரைப் பாருங்க" என்றார். அது யார் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஐந்து மாதம் தேடினேன். என் தையல் கடையில் அளவு கொடுக்க வந்தவர்களையெல்லாம் கேட்டேன். வாரம் தவறாமல் நாத்தனாரிடம் அழுதேன். எங்கள் காதலுக்கு வீட்டில் சம்மதம் வாங்கித் தந்தவரே அவர்தான்.

"எனக்கு யாரைம்மா தெரியும்? நீயா எதையாவது நெனச்சு உடம்பைக் கெடுத்துக்காத" என்பார்.

கடைசியில், சட்டை தைக்க வந்த ஒரு நர்ஸ் அப்படிப்பட்ட டாக்டர் ஒருவரின் முகவரி கொடுத்தார்.

குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் இறந்திருக்கிறார்களா என்று அந்த டாக்டர் என் கணவரிடம் கேட்டார்.

"என் தம்பி சார். நீச்சல் குளத்துல மூழ்கிட்டான். மீன் மாதிரி நீந்துவான், எப்படின்னே தெரியல."

தம்பியின் பெயரைக் கேட்டதும் டாக்டர் எழுந்துபோய் ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தார். "உங்களைக் கூட்டிட்டு வரச்சொல்லி மூணு வருஷம் முன்னாடியே லெட்டர் குடுத்தேனே?"

"யார்கிட்ட சார்?"

அவர் சொல்லவில்லை. ஆனால் தினமும் துணியில் கோடு போட்டு வெட்டுகிறவள் நான். ஃபைலில் விரிந்திருந்த எங்கள் குடும்ப வரைபடம் தலைகீழாக இருந்தாலும் புரிந்தது. ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். குறுக்கே கோடு அடித்த சதுரம், இறந்துபோன என் கொழுந்தன். நாத்தனாரின் வட்டம் கறுப்பு, நோய் இருப்பதற்கு அடையாளம். அவர் மகளுடையதும் கறுப்பு. எங்களுக்குக் கீழே ஒரு வட்டம், அதற்குள் கேள்விக்குறி. பக்கத்தில் 'வயது 8'. என் மகளுக்கு இப்போது பதினொன்று.

மகளையும் கூட்டிக்கொண்டு நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனோம்.

"பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்" என்றார், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

"முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சே அண்ணி. உங்க பொண்ணு மாத்திரை போட்டுக்கிட்டிருந்தா. என் பொண்ணு கீழ விழுந்துக்கிட்டிருந்தா."

"உன் வாய் சும்மா இருக்குமா? உன் கடைக்கு ஊரே வந்து போகுது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என் பொண்ணு கதி?"

"அக்காதானே, விடு" என்று முணுமுணுத்தார் என் கணவர்.

"இவ உங்க பொண்ணு" என்றேன் அவரிடம்.

வாசல்வரை வந்த நாத்தனார் குரலைத் தாழ்த்தினார். "வர்ற செவ்வாய்க்கிழமை மட்டும் அந்த டாக்டர்கிட்ட வந்துடாதம்மா. மாப்பிள்ளைதான் எங்களைக் கார்ல கூட்டிட்டு வர்றார். சுகர் டெஸ்டுன்னு சொல்லியிருக்கோம்."

"எங்களுக்கும் அன்னிக்குத்தான் வரச்சொல்லியிருக்காங்க அண்ணி. மாத்தினா ரெண்டு மாசம் ஆகுமாம். வருவோம். எதுக்கு வந்தீங்கன்னு மாப்பிள்ளை கேட்டா, சொல்லுவேன்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். என் கணவர் செருப்பை மாட்டாமல் அங்கேயே நின்றார். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.