செய்யூருக்குப் போகும் கால்

வரதனின் இடது கால் சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு, அவனைக் கேட்காமலே செய்யூருக்குப் புறப்பட்டுவிடும். பஸ் ஏறவும் இறங்கவும் அதற்குத் தெரியும். டிக்கெட் எடுப்பது மட்டும் வரதன். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், சனிக்கிழமை சவாரியை விட்டுவிட்டு அப்படி எங்கேதான் போகிறான் என்று ஸ்டாண்டே பேசியது. ரெபேக்காள் பேசவில்லை. கட்டினவள் அல்லவா, சட்டையை மோந்து பார்த்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆட்டோ கவிழ்ந்து அந்தக் கால் முறிந்தது. நடுவில் விரலளவு எலும்பே இல்லை. சுத்தம் செய்து பக்குவப்படுத்திய மாட்டெலும்பை அங்கே வைப்போம், அதைப் பிடித்துக்கொண்டு உன் எலும்பு வளரும் என்று டாக்டர் விளக்கமாகச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். எந்த ஊர் மாடு என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. இவன் செய்த தப்பு வேறு. ஆட்டோ ஸ்டாண்டில் பட்டப்பெயருக்குத் தப்பினவன் கிடையாது. வெளியே தெரிந்தால் சாகிறவரைக்கும் 'மாட்டுக்கால்'தான் என்று பயந்து, பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு" என்றான்.

"நடக்கறதுக்கு இன்னாத்துக்குய்யா செய்யூரு? டிக்கெட்டு பாக்கெட்லயே கீது."

அப்புறம் லுங்கியில் சேறு. அப்புறம் தோளில் வெள்ளை முடி ஒன்று. அன்று முழுக்க ரெபேக்காள் அழுதாள். சின்ன வயசுக்காரி என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். நரைத்தவளைத் தேடிப் போகிறான் என்றால் அது ஆசை இல்லை, பாசம். அதைத்தான் தாங்க முடியவில்லை. கண்ணால் பார்த்துவிட்டு அப்படியே வந்துவிடுகிறேன், இனி இவனோடு வாழ்க்கை இல்லை என்று கருங்குழியில் இருக்கிற அக்கா ரெஜினாவுக்குச் சொல்லிவிட்டு, பெட்டியோடு அதே பஸ்ஸில் பின்வாசலில் ஏறினாள்.

சவுக்குத் தோப்பைத் தாண்டி சுப்பிரமணி என்பவரின் கொல்லையில் வரதன் நுழைந்தான். அங்கே கிழட்டு வெள்ளை மாடு ஒன்று நின்றது. வரதன் அதன் இடது பக்கம் போய் நின்றான். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். வரப்பு வந்ததும் சேர்ந்து திரும்பினார்கள்.

"ஏர்ல இதுக்கு இடது பக்கம் கட்டுற மாட்ட மூணு வருஷம் முன்னாடி வித்துட்டேம்மா, ஒரு சனிக்கிழமை. இது வேற எதோடயும் சேரல. இவரு வர்ற அன்னைக்கிதான் ஒழுங்கா தீனி எடுக்குது" என்றார் சுப்பிரமணி, மழை இல்லை என்று சொல்வதுபோல.

மாடு குனிந்து வரதனின் இடது காலை மட்டும் நக்கியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். "பாவி, இத்த எங்கிட்ட சொன்னா இன்னா?" என்று ரெபேக்காள் முதுகில் ரெண்டு வைத்தாள்.

இப்போது சனிக்கிழமைகளில் டிக்கெட் இரண்டு. தவிட்டுப் பை அவள் மடியில் இருக்கும். ஆனாலும் மாடுதானே என்று அவள் உடனே நம்பிவிடவில்லை. அன்றைக்கே பின்பக்கமாகப் போய், நன்றாகக் குனிந்து, அது பசு இல்லை எருதுதான் என்று பார்த்த பிறகுதான் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.