ஒரு நூல் அளவு

புது நர்ஸ் கட்டைப் பிரித்து, கடைசி மடிப்புத் துணியை இடுக்கியால் தூக்கியபோது அதன் ஓரத்தில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். பாதி கறுப்பு, பாதி நரை, நல்ல சுருட்டை.

"என்ன ஐயா இது, காயத்துக்குப் பக்கத்துல முடி?"

கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்த சலூன்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "அதுவா? கணக்கு வாத்தியாரோடது. இந்தத் தெருவுலயே அந்த மாதிரிச் சுருட்டை அவர் ஒருத்தருக்குத்தான்" என்றார் பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது அவருக்கு உறைத்தது. மெதுவாகத் தலையைத் தலையணையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எதுவும் பேசவில்லை. அவள் தையல்காரி. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு வேலை செய்து செய்து, பேசுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுக்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் சலூன்காரர் கல்யாணமான நாளிலிருந்து பயந்துகொண்டிருக்கிறார்.

"தம்பிதான் வெட்டுறான், நான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன்னு சொன்னீங்க."

"வாத்தியாருக்குத் தம்பி கை பிடிக்காது. அஞ்சே நிமிஷம்தான் நின்னேன்."

"அஞ்சு நிமிஷமா, அஞ்சு தலையா?"

சலூன்காரர் தூங்கிவிட்டவர் மாதிரி மூச்சுவிட்டார்.

வலது கால் பெருவிரலுக்கு அடியில் அந்தக் காயம் வந்து ஒரு மாதம் ஆகிறது. செருப்புக்குள் கிடந்த ஒரு பொடிக்கல் செய்த வேலை. சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. கடைத் தரையில் ரத்தத்தைப் பார்த்ததும், பதறிப்போய் முதலில் நாற்காலியில் இருந்தவரின் காதைத்தான் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தாராம். தன் காலைக் குனிந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தையல்காரிக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும், சிரித்து முடிப்பதற்குள் அவர் செருப்பைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பாள்.

கிளினிக் இரண்டே அறைகள்தான். வாசல் பலகையில் காய்ச்சல், பிரஷர், சர்க்கரைப் பரிசோதனை, தடுப்பூசி, காதில் அடைத்த அழுக்கு என்று வரிசையாக எழுதியிருக்கும். கடைசி வரியில், பின்னால் நினைவு வந்து சேர்த்ததுபோலக் கொஞ்சம் நெருக்கமாக, 'புண்ணுக்குக் கட்டு, தினமும் காலை எட்டு முதல் ஒன்பது வரை' என்று இருக்கும். அந்தக் கடைசி வரியை நம்பித்தான் அவர்களுடைய காலைகள் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. ஊடே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் தாளைக் காயத்தின் மேல் வைத்து, அதன் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, தேதி போட்டு ஃபைலில் வைப்பார்கள். முதல் வாரம் காயம் கோட் பொத்தான் அளவு இருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாலாவது வெள்ளிக்குள் நன்றாகச் சுருங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன், அங்கே விரலை எடுக்கச் சொன்னாலும் சொல்வார்கள் என்று டாக்டர் முதல் நாளே ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

இன்று நாலாவது வெள்ளி. இதுவரை வரைந்த பெரிய நர்ஸ் மகளின் பிரசவத்துக்காக லீவில் போயிருந்தார். புது நர்ஸ் கழுவித் துடைத்து, தாளை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கவனமாக வரைந்தாள். பிறகு போன வாரத் தாளின் மேல் அதை வைத்தாள். அவள் முகம் மாறியது. இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள்.

டாக்டர் தாள்களோடு வந்தார். வெளியே இருபது பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். "பெரிசாயிருக்கு" என்றார். "இனிமே இங்க வச்சுப் பார்க்கிறது சரியில்ல. லெட்டர் தர்றேன்."

"எடுத்துடலாம் டாக்டர்" என்றார் சலூன்காரர், கண்ணைத் திறக்காமலே. "பத்துல ஒண்ணு போனா ஒம்போது. கால் விரலாலயா முடி வெட்டப்போறேன்?"

யாரும் சிரிக்கவில்லை. தையல்காரிக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு விரலோடு நிற்கிற வியாதியா இது? எதிர்வீட்டுக்காரருக்கு விரலில் ஆரம்பித்து முழங்கால் வரை போனதை இவரும்தானே பார்த்தார்? கணக்கு வாத்தியாரின் தலையும் வேண்டாம், கணக்கும் வேண்டாம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அழுதுவிடுவோம் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் மேஜையில் குனிந்து எழுதத் தொடங்கியிருந்தார். தாள்கள் பக்கத்தில் கிடந்தன. பார்வை வேறு எங்கும் போக இடமில்லாமல் அவற்றின் மேல் விழுந்தது.

விழுந்த பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

"அதைக் கொஞ்சம் குடுங்க" என்று சொல்லி, அவர் கொடுப்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே போன வாரத்துக் கோடு. வெளியே இன்றைய கோடு. இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒரே இடைவெளி, அளவுநாடா வைத்துப் போட்டதுபோல. இந்த இடைவெளியை அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். இப்படித்தான் அவளும் தைக்கிற கோட்டைச் சுற்றி, தையலுக்குத் துணி விட்டு, வெட்டுகிற கோட்டைப் போடுவாள். புண் என்ன, அவளிடம் தையல் கற்றுக்கொண்டா வளர்ந்தது, எல்லாப் பக்கமும் சமமாக?

"நீ எதுமேல வரைஞ்சேம்மா?"

"வெள்ளையாத் தடிச்சிருக்குல்ல அக்கா, அந்தத் தோலோட வெளி ஓரத்துல."

"பெரிய நர்ஸ் பள்ளத்தோட விளிம்புல வரைவாங்க. தடிச்ச தோலை வெளியில விட்டுடுவாங்க. மூணு வாரமும் நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்." டாக்டர் பக்கம் திரும்பினாள். "நீங்க காலைப் பாருங்க டாக்டர். தாளைப் பார்த்துட்டு எழுதாதீங்க."

டாக்டரிடம் யாரும் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. சலூன்காரர் இரண்டு கண்ணையும் திறந்துவிட்டார். டாக்டர் பேனாவை மூடினார். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விளக்கைத் தாழ்த்தி, நீண்ட நேரம் பார்த்தார்.

"இதை நான் முதல்லயே செஞ்சிருக்கணும்" என்றார். "திரும்ப வரைங்க சிஸ்டர். பள்ளத்தோட விளிம்புல."

இந்த முறை கோடு போன வாரத்துக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. அதிகமில்லை, ஒரு நூல் அளவுதான். தையலில் ஒரு நூல் என்றால் யார் கண்ணிலும் படாது, போட்டுக்கொள்கிறவரின் உடம்புக்கு மட்டும் தெரியும்.

"ஒரு நூல் போதாதும்மா" என்றார் டாக்டர். "இவர் கடையில நின்னா இதுவும் போயிடும். இன்னும் ஒரே வாரம் தர்றேன்." பாதி எழுதிய கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். "அதுவரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றாள் அவள்.

மறுநாள் காலை சலூன் திறந்தபோது மூன்றாவது நாற்காலி வாசல் பக்கம் திரும்பியிருந்தது. அதற்கு எதிரே அவளுடைய தையல் மெஷின். கொழுந்தனாரும் பக்கத்துக் கடைக்காரரும் தூக்கிவந்து போட்டிருந்தார்கள். சலூன்காரரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, வலது காலை ஸ்டூலில் ஏற்றி, தலையணையும் வைத்தாள்.

"ஊர் சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். உட்கார்ந்து சேர்ந்து சிரிங்க."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. புதன்கிழமை கணக்கு வாத்தியார் மீசை திருத்த வந்தார். கொழுந்தனாரின் கத்தரியைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "நீங்க வந்து கொஞ்சம் தொட்டா நல்லாயிருக்கும்" என்று இழுத்தார். சலூன்காரரின் கைகள் நாற்காலியின் இரண்டு பிடிகளையும் இறுக்கின. இடுப்பு கொஞ்சம் எழுந்தது. மெஷின் சத்தம் நின்றது. இடுப்பு மறுபடி நாற்காலிக்குப் போனது.

"தம்பி, இடது பக்கம் ஒரு முடி தூக்கலா இருக்கு பாரு" என்றார், உட்கார்ந்த இடத்திலிருந்தே. மெஷின் மறுபடி ஓடியது.

வெள்ளிக்கிழமை புது நர்ஸ் கட்டைப் பிரித்தாள். துணியில் முடி எதுவும் இல்லை. பள்ளத்தின் விளிம்போடு விளிம்பாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். தாளைத் தூக்கினாள். டாக்டரின் அறைப் பக்கம் இரண்டு அடி வைத்தவள், நின்று, திரும்பி வந்து அதைத் தையல்காரியிடம் நீட்டினாள்.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கடிதம் அப்படியேதான் இருந்தது. தையல்காரி அதை ஃபைலில் இருந்த தாள்களோடு சேர்த்து, ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். கோட்டுக்குள் கோடாக ஐந்து கோடுகள். எல்லாவற்றுக்கும் நடுவில், மை படாமல், சட்டைப் பொத்தான் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.