போகப் பதினொன்று, வர நான்கு

ஆஸ்பத்திரியிலிருந்து குவாரிக் குடியிருப்புக்கு நான்கு கிலோமீட்டர். குடியிருப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினொன்று. ரோடு ஒன்றுதான். வரும்போது மோட்டார் சைக்கிள் நூறு மில்லி பெட்ரோல் குடிக்கும், போகும்போது கால் லிட்டருக்கு மேல். வர எட்டு நிமிடம், போக இருபத்திரண்டு. போகிறவர்களுக்கு மட்டும் ஒரு கருங்கல் பாலமும் இரண்டு மேடும் யாரும் உழாத நீண்ட பொட்டலும் வழியில் வரும். வருகிறவர்கள் அவற்றைப் பார்த்ததே கிடையாது. குவாரி திறந்த வருஷத்திலிருந்து இப்படித்தான். குடியிருப்புக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, ஆத்திரம்தான் இருந்தது.

ஆத்திரத்துக்குக் காரணம் ஒரு விதி. ஐந்து கிலோமீட்டருக்குள் ஆஸ்பத்திரி இருந்தால் தனியாக நர்ஸும் பிரசவ அறையும் கிடையாது. ரோடு ஆபீஸ் இருப்பது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கட்டடத்தில். அளக்க வந்த மகராசன்கள் எல்லோரும் அங்கிருந்து புறப்பட்டு, நான்கு என்று எழுதிக்கொண்டு, திரும்பும்போது ஜீப்பில் குறட்டை விட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஏழு கிலோமீட்டரை ஒரு தாளில் மறைத்தவர்கள் இவர்கள்தான்.

தையல் கடைக்காரி தன் முதல் தங்கையை இந்த ரோட்டில்தான் பறிகொடுத்தாள். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப்பு தொங்கியதால் ஊரே அவளை டேப்பு அக்கா என்றுதான் கூப்பிட்டது. பிரசவம் வீட்டிலேயே ஆகி, ரத்தம் நிற்காமல், தங்கை ஒன்பதாவது கிலோமீட்டரில் கண்ணை மூடினாள். "மனுஷ உடம்புல அஞ்சு லிட்டர் ரத்தம்தாம்மா இருக்கு. ரெண்டு லிட்டர் போயிட்டா ஆள் தாங்காது. நாலு கிலோமீட்டர் வர்றதுக்கு ஏன் இவ்வளவு நேரம் பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டார். பாவி, அக்காவைப் பார்த்துக் கேட்டார். சாவுச் சான்றிதழில் இறந்த இடம் ஆஸ்பத்திரி என்று போட்டுக் கொடுத்தார்கள். அழுத கண்ணோடு அவள் அதைப் படிக்காமல் வாங்கி வந்துவிட்டாள். அதை நினைத்துப் பல்லைக் கடிக்காத நாள் அவளுக்குக் கிடையாது.

மூன்று வருஷம் கழித்துக் கடைசித் தங்கை உண்டானாள். அக்கா அன்றிலிருந்து வாரம் ஒரு மனு எழுதினாள். முப்பத்தொரு மனு செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று. முப்பத்திரண்டாவதுக்கு ரோடு இன்ஜினியர் ஒருவர் காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். கைப்பிடி வைத்த அளவுச் சக்கரத்தை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவரே தள்ளிக்கொண்டு வந்தார், ஜீப் பின்னால் ஊர்ந்து வந்தது. சக்கரம் நான்கு காட்டியது.

"இதையே இங்கேருந்து தள்ளிக்கிட்டுப் போங்க சார்" என்றாள் அக்கா.

"எதுக்கும்மா? போனாலும் வந்தாலும் ரோடு ஒண்ணுதானே."

"அதைத்தான் நாங்களும் இத்தனை வருஷமா கேக்குறோம்."

அளவை ஆபீஸ் பக்கமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாக அவர் சொன்னார். சட்டத்தைத் தூக்கி உடைப்பில் போடச் சொன்னாள் அவள். இந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, கடைக்குள் காஜா எடுத்துக்கொண்டிருந்த தங்கைக்கு வலி கண்டுவிட்டது. மாசம் நிறையவில்லை. அக்கா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தங்கையை இன்ஜினியரின் ஜீப்பில் ஏற்றினாள், இன்ஜினியரையும் சட்டையைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றினாள்.

நான்கு கிலோமீட்டர் ஆனது, ஆஸ்பத்திரி வரவில்லை. கருங்கல் பாலம் வந்தது. இன்ஜினியர் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். "நல்லா தட்டுங்க சார்" என்றாள் அக்கா. "தட்டினா ரோடு குறையுதான்னு பார்ப்போம்." ஐந்து ஆயிற்று, ஆறு ஆயிற்று. ஏழாவது கிலோமீட்டரில், பொட்டலுக்கு நடுவில், பின்சீட்டில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைச் சுற்ற வேறு துணியில்லாமல் இன்ஜினியர் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். மீதித் தூரம் முழுவதும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பனியனோடு உட்கார்ந்திருந்தார். தாய்க்கு ஒன்றரை லிட்டர் ரத்தம் போயிருந்தது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டரே சொன்னார். பிழைத்தாள்.

பத்தாம் நாள் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுக்குப் போனாள். பிறந்த இடம் ஏழாவது கிலோமீட்டர் என்றாள். கிளார்க் சிரித்தார். "அந்த ரோட்டுல நாலுதாம்மா இருக்கு. ஆஸ்பத்திரின்னு போட்டுடறேன், வேலை முடிஞ்சுது."

"எங்க பாப்பா ஆஸ்பத்திரியில பொறக்கலை" என்றாள் அக்கா. "ஏழாவது கிலோமீட்டர்னு எழுதுங்க. அப்படி ஒரு இடமே இல்லேன்னா, இவ பொறக்கவே இல்லேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க." குழந்தையைத் தூக்கி அவருடைய பதிவேட்டின் மேல் கிடத்தினாள். குழந்தை வீறிட்டு அழுதது. இல்லாத குழந்தை அப்படி அழாது என்பது கிளார்க்குக்கே தெரிந்தது. சாட்சி வேண்டும் என்றார். அக்கா பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை சட்டையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் "ஆமா, ஏழு. நான் பார்த்தேன்" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சீல் விழுந்த காகிதத்தில் ஏழு இருக்கும்போது ரோட்டில் நான்கு மட்டும் இருந்தால் கேள்வி வரும் என்று ரோடு ஆபீஸ் பயந்தது. சாவுக்குப் பயப்படாத ஆபீஸ், தணிக்கைக்குப் பயந்தது. மறு மாதம் பொட்டலில் ஏழு என்று எழுதிய கல் நட்டார்கள். ஏழு ஐந்தைத் தாண்டியதால் அடுத்த வருஷம் நர்ஸ் வந்தாள், பிரசவ அறைக்குச் சுவரும் கூரையும் வந்தன. அதற்குப் பிறகு குடியிருப்பில் நாற்பத்தாறு குழந்தைகள் பிறந்திருக்கின்றன, தாய் ஒருத்தியும் சாகவில்லை. ஜீப்பில் பிறந்த அந்தப் பெண்ணுக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடப் படிவத்தில் பிறந்த இடம் ஏழாவது கிலோமீட்டர் என்று எழுதுகிறாள், டீச்சர் சரி பார்த்து டிக் போடுகிறார்.