லீட்ஸ் குளிருக்கு ஓர் ஒத்திகை

...தண்ணீர்தான், வேறென்ன, குழாய்த் தண்ணீரைப் பிடித்து நீலக் குப்பியில் அடைத்து யூகலிப்டஸ் என்று பெயர் ஒட்டிவிட்டால் அது யூகலிப்டஸ் ஆகிவிடுமா, என்று மூடிய கண்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார் இராதாகிருஷ்ணன், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆயுளில் பாதியை இலக்கணத்துக்குக் கொடுத்து ஓய்வுபெற்ற மனிதரைப் பிரிக்பீல்ட்ஸ் மாடி அறை ஒன்றில் சம்மணமிட்டு உட்காரவைத்து, குளிர்சாதனத்தை முடிந்தவரை முறுக்கிவிட்டு, இதுதான் குளிர்காலம், நம்புங்கள் என்கிறார்கள்... வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்குகிறது, உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் காதை மூடும் கம்பளித் தொப்பியோடு மூச்சிழுத்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லாரும் குளிர்நாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போகக் காத்திருக்கும் பெற்றோர், அவர்களுக்கென்றே ஒரு வகுப்பு, சுவரில் ஒரு பதாகை, அதில் ‘நருமண யோகா’ என்று இடையின ரகரம், றகரத்தையே அறியாதவர்கள் நறுமணத்தை எங்கே கண்டார்கள், சுபாங் ஜெயாவிலிருந்து காரில் வந்திறங்கும் இந்த உஷாராணி என்கிற பயிற்றுநர் யோகாவை எவரிடம் கற்றாளோ, ஆனால் விற்கக் கற்றிருக்கிறாள், அதில் ஐயமில்லை. “மூச்ச நல்லா இழுங்க அங்கிள்,” என்று அவள் குரல் மிக அருகில் கேட்டது, “அங்க வின்டர்ல ஜன்னலே தொறக்க மாட்டாங்க, ஹீட்டர் காத்துல மூக்கு காஞ்சிடும். உக்காரும்போது இதுல மூணு சொட்டு போட்டீங்கன்னா நெஞ்சு லேசாயிடும், தியானம் தன்னால வரும்.” தன்னால் வருமாம். தன்னால் வருவதற்குக் குப்பி எதற்கு?

ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தார், தேர்வு மண்டபத்தில் தூங்குவதுபோல் பாவனை செய்து திறப்பாரே, அதே கண். அறையின் நடுவே ஒரு வெள்ளைக் கருவி ஆவி விட்டுக்கொண்டிருந்தது, ஆவி தெரிகிறது, அது மூக்கில் படுவதும் தெரிகிறது, ஈரமாக, குளிர்ச்சியாக, அவ்வளவுதான்... பக்கத்துப் பாயில் மனைவி சீதாலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தண்ணீருக்கா கண் கலங்கும்? அந்தப் பக்கத்திலிருந்து தம்புசாமி வேறு, டொரொண்டோவில் இருக்கும் மகனிடம் போகப்போகிறவர், இரண்டு தும்மல் தும்மிவிட்டு இவர் காதோரம் சாய்ந்தார். “வாத்தியாரே, பந்திங்ல கோழிப்பண்ணைக்கு லோரி ஓட்டுன மூக்கு இது. இதுக்கே தாங்கலலா. நீங்க என்ன, பத்துமலை முருகன் மாதிரி அசையாம இருக்கீங்க?” தம்புசாமி அந்த உஷாராணியின் ஆளாக இருக்கலாம், கூட்டத்தில் ஓர் ஆளை உட்காரவைத்துத் தும்மச் சொல்வது மருந்து விற்பவர்களின் பழைய தந்திரம், பாசார் சந்தையில் தைலம் விற்கிறவன்கூடச் செய்வான்... சீதாலெட்சுமி? அவளும் ஆளா?

கலப்படம், எங்கும் கலப்படம், போன தீபாவளிக்குப் பிறகு இந்த நாட்டில் எந்தப் பொருள் பொருளாக இருக்கிறது, காப்பித்தூள் மணமில்லை என்று கடை மாற்றினார், அந்தக் கடையும் அப்படியே, சந்தன சோப்பில் சந்தனம் இல்லை, கோயில் விபூதி சுண்ணாம்புப் பொடி, மல்லிகையை எங்கிருந்தோ பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவருகிறார்கள், அதனால் வெறும் வெள்ளைக் காகிதம், நாலு தெருவுக்கு மணக்க வேண்டிய டுரியான் பழத்தைச் சாலையோரத்தில் விற்பவரிடம் நேருக்கு நேராகவே கேட்டார், உரம் போட்டுப் போட்டுப் பழத்தின் உயிரையே எடுத்துவிட்டீர்களே ஐயா, வாசனை எங்கே என்று, அந்த மனிதர் பிளந்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதில் கோபம் இல்லை. அதை அப்போது கவனிக்காமல் விட்டுவிட்டோமோ? அவர் சீதாலெட்சுமியையும் அல்லவா ஒரு முறை பார்த்தார்? தீபாவளிக்குப் பிறகு என்றால், தீபாவளி வாரத்தில் தமக்கு வந்த அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு. காப்பிக்காரனும் சோப்புக்காரனும் பூக்காரியும் விபூதி இடிக்கிறவனும் ஒரே வாரத்தில் கூடிப் பேசி இராதாகிருஷ்ணனை ஏமாற்ற முடிவெடுத்தார்களா? ஆழ்ந்து இழுத்தார். இன்னும் ஆழ்ந்து. ஒன்றுமில்லை. தொண்டைவரை குளிர் இறங்கியதே தவிர, அதில் இலையும் இல்லை, மரமும் இல்லை.

அப்படியானால், கெட்டது தம் மூக்குதான் என்றால், லீட்ஸ் என்ன ஆவது? அங்கிருக்கும் மகள் விஷ்ணுப்பிரியாவுக்குத் தை பிறந்ததும் பிரசவம், விமானச்சீட்டு எடுத்தாயிற்று, “அப்பா, நீங்க பாப்பாவப் பாத்துக்குவீங்கன்ற தைரியத்துலதான் லீவ சீக்கிரமே முடிக்கிறேன்,” என்று தொலைபேசியில் சொன்னாள், பாத்துக்குவீங்க என்றாள், அம்மாவும் நீங்களும் என்றுகூடச் சொல்லவில்லை, அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு இவர் எத்தனை நாள் நிமிர்ந்து நடந்தார்... ஜன்னல் திறக்காத வீடு, எரிவாயு அடுப்பு, சீதாலெட்சுமி கடைக்குப் போயிருக்கிறாள், தொட்டிலில் பிள்ளை, அடுப்பில் சுடர் அணைந்து வாயு மட்டும் வந்துகொண்டிருக்கிறது, பக்கத்து நாற்காலியில் தாத்தா செய்தித்தாளில் பிழை திருத்திக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டால்? சொன்னால் அந்த நாற்காலி மட்டும்தான் மிஞ்சும், “அப்பா, நீங்க சும்மா உக்காருங்க,” என்பாள் மகள், வந்திறங்கிய மூட்டைகளில் அவரும் ஒரு மூட்டை. இல்லை. யாரும் அறிய வேண்டியதில்லை. மூக்கடைப்பாக இருக்கும், ஆவி பிடித்தால் சரியாகிவிடும், ஒரு வருட மூக்கடைப்பு உலகத்தில் இல்லையா என்ன?

“இப்ப கண்ண தொறக்காதீங்க,” என்றாள் உஷாராணி, “ஒவ்வொருத்தருக்கா காகிதத்துல தொட்டு மூக்குகிட்ட காட்டுறேன், என்னன்னு சொல்லணும். தெரிஞ்ச வாசனையா இருந்தா மனசு அதுலயே நிக்கும், வேற எங்கயும் ஓடாது.” தேர்வு. வாய்மொழித் தேர்வு. தம்புசாமியிடம் முதலில் வந்தாள், “கிராம்பும்மா, சொத்தப் பல்லுக்கு வைக்கிறது,” என்றார் அவர், சிரிப்பு எழுந்தது, கிராம்பு, கிராம்பு, என்று இவர் உள்ளுக்குள் உருப்போட்டார், அடுத்தவன் விடையை அப்படியே எழுதுகிற மாணவனின் முதுகு எப்படி விறைக்கும் என்பது அவருக்குத் தெரியும், இப்போது தம் முதுகு அப்படித்தான் விறைத்திருக்கிறது என்பதும் தெரிந்தது... ஆனால் இமையிடுக்கில் பார்த்தால் அவள் அந்தக் குப்பியை மூடிவிட்டு வேறொன்றைத் திறக்கிறாள், மஞ்சள் மூடி, எழுத்து தெரியவில்லை, காகிதம் மூக்கின் கீழே வந்து நின்றது, வெறும் காகிதம், காகிதத்தின் மணம்கூட இல்லாத காகிதம். “சொல்லுங்க அங்கிள், ஈஸிதான்.” எலுமிச்சை என்று சொல்லலாமா, மஞ்சள் மூடிக்கு எலுமிச்சை பொருந்தும், இஞ்சியும் பொருந்தும், தவறினால் தம்புசாமி சும்மா விடுவாரா, அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், சீதாலெட்சுமி பார்ப்பாள்...

“ஆரஞ்சுத் தோலு.”

உதடு அசையாத குரல், பக்கத்துப் பாயிலிருந்து, இருமலோடு இருமலாக. வகுப்பின் பின்வரிசையில் எத்தனையோ முறை பிடித்த குரல்தான். “ஆரஞ்சுத் தோல்,” என்றார் இராதாகிருஷ்ணன், திருத்தமாக, வகுப்புக்குச் சொல்வதுபோல். “கரெக்ட் அங்கிள். சூப்பர் மூக்கு உங்களுக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள்.

ஆனால் அவர் கேட்கவில்லையே. உதவி என்று ஒரு விரலைக்கூட அசைக்கவில்லையே, கேட்காமலே சீதாலெட்சுமி சொன்னாள் என்றால், தமக்கு மணம் தெரியாது என்பது அவளுக்கு முன்பே தெரியும் என்றுதானே பொருள்... எப்போதிலிருந்து? “பால் அடிபிடிக்குது பாருங்க,” என்று கூடத்திலிருந்தே குரல் கொடுப்பாளே, “மழ வரப்போகுது, மண்ணு மணக்குது,” என்பாளே, “இந்தச் சட்ட வேணாம், நேத்துப் போட்டது,” என்று கையிலிருந்து வாங்கிக்கொள்வாளே, வயதாக ஆகப் பேச்சு பெருகிவிட்டது என்று அல்லவா எரிச்சல்பட்டார், வீட்டில் வீசிய ஒவ்வொரு மணத்தையும் அவள் ஒரு வருடமாக உரக்கப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாளா? இந்த வகுப்புக்கு வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் அவள்தான். எதற்கு, தன் மூச்சுக்காகவா? இல்லை, எதுவரை போயிருக்கிறது என்று இவரை உட்காரவைத்துப் பார்க்கவா? அப்படியானால் விடையை ஏன் சொன்னாள், தேர்வு வைத்தவரே விடை சொல்வது வழக்கமில்லையே, விடைத்தாள் திருத்தி முடிந்து, மதிப்பெண் போட்டாயிற்று என்றால்தான் எவரும் சொல்வார்கள்... எந்த மதிப்பெண்? லீட்ஸுக்குத் தெரியுமா, மகளிடம் சொல்லிவிட்டாளா, அல்லது அங்கேயும் பக்கத்தில் உட்கார்ந்து, கடைக்குக்கூடப் போகாமல், காலம் முழுவதும் இப்படியே இருமலோடு இருமலாகச் சொல்லிக்கொடுப்பதாக அவளாகவே முடிவு செய்துவிட்டாளா? கேட்டுவிடலாம் என்று திரும்பினார். கேட்டால் பதில் வந்துவிடுமே என்றும் இருந்தது. சீதாலெட்சுமி கண்ணை இறுக்க மூடி, மூச்சை நீளமாக இழுத்து, உள்ளேயே நிறுத்திவைத்திருந்தாள்.