நாலு ஸ்டாப்பிங் வீடியோ

என் வீட்டுக்காரர் எத்திராஜ் ஆவடியிலிருந்து மாங்காடு போகும் தனியார் மினிபஸ்சில் கண்டக்டர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவர் வாயால்தான் எங்கள் குடும்பமே பிழைத்தது. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "பருத்திப்பட்டு, பாரிவாக்கம், பூந்தமல்லி, மாங்காடேய்" என்று ஒரே மூச்சில் கத்தினால், எங்கேயும் போகிற எண்ணமே இல்லாதவன்கூட ஏறிவிடுவான். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையையும் பேச்சையும் ஒருசேரப் பிடுங்கிக்கொண்டது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்லத்தான் வரவில்லை. வாயைத் திறந்தால் "ஆ" என்று ஒரு சத்தம், அதோடு சரி.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பவ்யா நல்ல பெண். ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள். "ஆன்ட்டி, ஆரம்பத்துல இருக்கிற இந்த மாசங்கதான் முக்கியம். இப்ப விட்டுட்டா பேச்சு திரும்பி வர்றது ரொம்பக் கஷ்டம். தினமும் வீட்ல பண்ணணும்" என்றாள். அவளிடம் பழைய சிடி ஒன்று இருந்தது. அவள் படித்த கல்லூரியில் யாரோ செய்த அனிமேஷன், எழுத்துக்கு ஒரு ஃபைல். திரையில் ஒரு பெரிய வாய் வரும். பட்டனைத் தட்டினால் உதட்டை எப்படி மூட வேண்டும், எப்படித் திறக்க வேண்டும் என்று மெதுவாகச் செய்து காட்டும். கீழே ஒரு சொல் வரும். எல்லாம் ஃபிளாஷ் என்கிற பழைய வகை. இன்றைக்கு அது எதிலும் நேராகத் திறக்காது. பவ்யாவின் அறையில் இருக்கும் ஓட்டை லேப்டாப்பில் மட்டும்தான் ஓடியது. அங்கே அதைப் போட்டுக் காட்டியபோது எங்கள் ஆள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் போனில் வேறு பயிற்சி வீடியோ போட்டுக் கொடுத்தேன். இடது கை விரல் பட்ட இடமெல்லாம் திரை எங்கெங்கோ ஓடியது, ஏதோ விளம்பரம் வந்து கத்தியது. போன் பறந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. குனிந்து எடுக்கும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பார்க்கிறேன், எங்கள் மகன் விஷால் விட்டுவிட்டுப் போன பழைய பி.எஸ்.பி., கையில் பிடித்து விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி, அவர் மடியில் இருக்கிறது. தலையணைமேல் அதை வைத்து, இடது கட்டைவிரலால் பட்டனை அழுத்தி அழுத்தி கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டன் என்றால் அழுத்தியது விரலுக்குத் தெரிகிறது, அதுதான் விஷயம். நான் உடனே புனேவில் இருக்கும் விஷாலுக்குப் போன் போட்டேன்.

"ம்மா, புது டேப்லெட் அனுப்பறேன், அதுல பாக்கட்டும்."

"அத்தயும் தூக்கிப் போட்டு ஒடைப்பாரு. அந்தப் பொட்டில வீடியோ ஓடுமா, அத்த மட்டும் சொல்லு நைனா."

"ஓடும்மா. ஆனா அதுக்குப் புடிச்ச மாதிரி மாத்திக் குடுக்கணும். ரொம்ப அடம் புடிக்கும்."

"உங்கப்பன்கிட்ட நான் பாக்காத அடமா?"

அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் எனக்கு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம் என்று நாள் முழுக்கத் தட்டுகிறவள் நான். ஒரு ஃபைலை இன்னொரு ஃபைலாக மாற்றுவது பெரிய வித்தையா என்று நினைத்தேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மென்பொருளில், பவ்யா சிடியிலிருந்து எடுத்துக் கொடுத்த நாலு ஃபைலில் ஒன்றைப் போட்டேன். வீடியோ வந்தது. அதில் வாய் மூடியபடியே இருந்தது. முதலிலிருந்து கடைசிவரை அந்த வாய் திறக்கவே இல்லை. யாராவது பட்டனைத் தட்டினால்தான் உதடு அசையும்படி செய்திருக்கிறார்கள்; மென்பொருளுக்குத் தட்டத் தெரியுமா? வீட்டில் ஒரு மூடிய வாய் போதாதா என்று மேஜையில் தலையை முட்டிக்கொண்டேன்.

பக்கத்துக் கடை ஷவுகத் அலி பாய், மொபைல் ரிப்பேர் செய்கிறவர், மேஜைமேல் கிடந்த பி.எஸ்.பி.யை எட்டிப் பார்த்தார். "இன்னா ராணிம்மா, பழைய சாமானுக்குப் போய் இம்மாம் பேஜாரா? உட்டுத் தள்ளு."

"உன் ஊட்டுக்காரம்மா பேசலன்னா நீ உட்டுத் தள்ளுவியா பாய்?"

"எனக்கு நிம்மதியா இருக்கும்" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கடைக்குப் போய்ப் பழைய மெமரி கார்டு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து வைத்தார். "அந்தப் பொட்டிக்கு இதான் செட்டாவும். வெச்சிக்கோ."

ஃபிளாஷ் ஃபைலைத் திறந்து காட்டும் இன்னொரு மென்பொருள் கிடைத்தது. அதில் ஓடவிட்டு, நானே பட்டனைத் தட்டித் தட்டி, திரையில் நடப்பதை அப்படியே படம் பிடித்தேன். வாய் திறந்தது, மூடியது. ஆனால் கீழே தமிழ்ச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கந்தரகோளம். பாய் பார்த்துவிட்டு வைரஸ் என்றார். வைரஸ் இல்லை, அது பாமினி. யூனிகோடு வருவதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் தட்டின பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது இப்படித்தான் பல்லைக் காட்டும். எனக்கு அந்தக் கந்தரகோளத்தையே படிக்க வரும். படித்தேன். பாப்பா, பூனை, பலூன், மாடு.

இப்போது புரிந்தது, மனுஷன் ஏன் முகத்தைத் திருப்பினார் என்று. ஒரு பஸ் நிறைய ஜனத்தை உள்ளே தள்ளி, "சில்லறை எடுத்து வை" என்று அதட்டினவரிடம் போய்ப் பாப்பா, பூனை சொல்லு என்றால்? எனக்கே ரோஷம் வந்தது.

எப்படியும் அந்தச் சொல்லை அழித்து வேறு தட்டியாக வேண்டும். எதைத் தட்டலாம் என்று யோசித்தபோது சட்டென்று உறைத்தது. ப, பா, பூ, மா. எல்லாம் உதடு ஒட்டுகிற எழுத்து. அவர் ஸ்டாப்பிங்கும் அதுதானே. பலூனை அழித்துப் பருத்திப்பட்டு, பாப்பாவை அழித்துப் பாரிவாக்கம், பூனைக்குப் பூந்தமல்லி, மாட்டுக்கு மாங்காடு. பவ்யாவுக்குப் போன் செய்து கேட்டேன். "வாய் அசைவு அதேதான் ஆன்ட்டி. தாராளமா மாத்துங்க" என்றாள். சத்தத்துக்கு என் குரலையே பதிந்தேன், ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக. நாலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வீடியோவாக ஒட்டினேன்.

பி.எஸ்.பி. அதைத் திறக்கவில்லை. அளவைக் குறைத்தேன், திறக்கவில்லை. வேறு வகையில் மாற்றினேன், ஃபைல் இருப்பதையே காட்டவில்லை. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் மாதிரி அதுவும் நானும் மல்லுக்கு நின்றோம். பத்திரிகை வாங்க வந்தவர்களை நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். கடைசியில் படத்தை அந்தச் சின்னத் திரையின் அளவுக்கே சரியாக வெட்டி, கார்டில் வீடியோவுக்கென்று தனி ஃபோல்டர் போட்டு வைத்ததும் திறந்தது. வாய் தெரிந்ததுதான் தாமதம், ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அவர் பார்த்தார். என் குரல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு புருவம் சுருங்கியது. அன்று முழுக்கவும் மறுநாளும் அதையே திரும்பத் திரும்பப் போட்டார். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலேயே தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினார். மூன்றாம் நாள் மத்தியானம், சோற்றுத் தட்டோடு நின்றிருந்த எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இதுவும் புடிக்கலையா? பூனையும் வேணாம், ஸ்டாப்பிங்கும் வேணாம். நான் இன்னாதான் பண்றது? நானும் மனுஷிதான?"

அவர் கட்டைவிரலால் திரையைத் தட்டிக் காட்டினார். மாங்காடு என்று இருந்தது. மறுபடி இல்லை என்று தலையாட்டினார். அந்தப் படத்து வாய் மாதிரியே உதட்டை இறுக்கி மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ப... பத்தி... பட்டு."

அவர் நிறுத்தவில்லை.

"பா... வாக்கம். பூ... மல்லி."

அப்போதுதான் உறைத்தது. ஃபைல்களுக்கு இங்கிலீஷில் பெயர் வைத்திருந்தார்கள். இங்கிலீஷ் வரிசையில் 'எம்' முதலில், 'பி' பிறகு; ஒட்டின மென்பொருள் அதன்படி 'மா'வைத் தூக்கி 'ப'வுக்கு முன்னால் வைத்துவிட்டது. நானும் கவனிக்கவில்லை. எனக்கு அது நாலு எழுத்து. அவருக்கு அது ரூட். ஆவடியில் எடுத்த வண்டி எடுத்த எடுப்பில் மாங்காட்டில் நின்றால் எந்தக் கண்டக்டர் பொறுத்துக்கொள்வான்? இரண்டு நாளாக மனுஷன் என்னோடு சண்டைக்கு நின்றிருக்கிறார்.

தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. "அப்பால?" என்றேன். "அப்பால இன்னா ஸ்டாப்பிங்கு, சொல்லுயா."

"மா... காடு" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, எந்தத் தடங்கலும் இல்லாமல் பளிச்சென்று சொன்னார்.

"எறங்கு."

நான் இறங்கவில்லை. அங்கேயே அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.