குரைப்புக்கு வாய்க்கூடு

1984ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஊர்ச் சபையின் ஆட்கள் பூரணத்தின் நாயைச் சுட்டுக் கொன்றார்கள். நாய் செத்தது, குரைப்புச் சாகவில்லை. அந்தக் கிழமை சின்னவெங்காயம் விலை இறங்கியிருந்தபடியால், மானிப்பாய்ச் சந்தைக்குப் போன சனம் முதலில் வெங்காயத்தைப் பற்றிக் கதைத்துவிட்டுப் பிறகுதான் குரைப்பைப் பற்றிக் கதைத்தது. சபையின் நாய்பிடிகாரர் இன்னாசித்தம்பி உடம்பைப் புதைத்துவிட்டு, வெறுஞ்சாக்கை உதறுவதற்குப் பூரணத்தின் கிணற்றடிக்கு வந்தார். காலடியில் அது குரைத்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குரைத்து முடியும்வரை நின்றார்.

பூரணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே, அவள் ஒருவருடைய சோலிக்கும் போகாதவள். புருஷன் நமசிவாயம் கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதினான். 83 ஆடியில் கொழும்பு எரிந்தபோது, தப்பிய சனத்தைக் கப்பல்கள் காங்கேசன்துறையில் கொண்டுவந்து இறக்கின. பூரணம் மகள் குணலட்சுமியைக் கையில் பிடித்துக்கொண்டு துறைமுகத்தில் போய் நின்றாள். இறங்கின முகங்களையெல்லாம் பார்த்தாள். கடைசிக் கப்பலும் வந்துபோனது, நமசிவாயம் வரவில்லை. அவள் அங்கே முகம் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நாட்களில்தான், பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளை அவளுடைய வேலியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கதை நடந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் இதை விட்டுவிட்டு என்னால் கதை சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் வேலி என்பது வருஷாவருஷம் பிரித்து அடைக்கிற சாமான். தென்னோலையில் பின்னிய பழைய கிடுகைக் கழற்றிப் புதுக் கிடுகு கட்டுவார்கள். பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிவிட்டுப் பச்சைக் கதியால் நடுவார்கள். பழைய குழியிலேயே நட்டால் அவன் மனுஷன். குழிக்கு ஒரு சாண் தள்ளி, அடுத்தவன் நிலத்தில் நட்டால் அவன் ஆழ்வாப்பிள்ளை. நமசிவாயம் உயிரோடு இருந்த காலத்தில் அவர் சாண் சாணாகத்தான் தள்ளினார். நமசிவாயம் வரமாட்டான் என்று தெரிந்ததும் முழம் முழமாகத் தள்ளத் தொடங்கினார். அவர் கண் பூரணத்தின் கிணற்றில் இருந்தது. அது எந்தக் கோடையிலும் வற்றாத கிணறு. பூரணத்துக்கும் மகளுக்கும் அந்தக் கிணறும், அது நனைத்த வெங்காயத்தறையும்தான் சோறு. வேறு ஒன்றும் இல்லை.

வளவில் மிச்சமிருந்த ஆம்பிளை வீமன் என்ற மண்ணிற நாய்தான். அது வேலிக்குக் குழி தோண்டுகிற அலவாங்கோடு நின்ற ஆழ்வாப்பிள்ளையின் கெண்டைக்காலைப் பிடித்தது. ஆழ்வாப்பிள்ளை சபையின் தலைவர். சபைக்கு நாய்களைப் பற்றி ஒரு விதி இருந்தது. நாய் என்றால் கழுத்தில் சபையின் பித்தளை வில்லை தொங்கவேண்டும். ஒருமுறை கடித்தால் அது ஆபத்தான நாய். சங்கிலி போட்டு, வாய்க்கூடு கட்டி, வாசல் படலையில் ஆபத்து என்று எழுதிய பலகை தூக்கவேண்டும். மறுபடி கடித்தால் கொல்லவேண்டும். முறைப்பாடு செய்தவர் ஆழ்வாப்பிள்ளை, கடிபட்டவர் ஆழ்வாப்பிள்ளை, விசாரித்ததும் தீர்ப்புச் சொன்னதும் ஆழ்வாப்பிள்ளை. கடி விழுந்த இடம் யாருடைய காணி என்று கேட்க அந்தச் சபையில் ஒரு வாய் இருக்கவில்லை. அவர் வளர்த்த றெக்ஸ் என்ற சீமை நாய், தபால்காரரையும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளையும் கடித்துக்கொண்டு, வில்லையில்லாமல் ஒழுங்கை என்ற எங்கள் சிறுதெரு முழுவதும் திரிந்தது. அது விளையாட்டுக்குக் கடிக்கிறது என்று சபையில் சொன்னார்கள். ஒழுங்கை முகப்பு வைரவர் கோயிலுக்கும் ஆழ்வாப்பிள்ளைதான் தர்மகர்த்தா. பொங்கலுக்குப் பொங்கல், வைரவருடைய மரத்தாலான நாய் வாகனத்தை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோளில் சுமப்பார். உயிருள்ள நாயைச் சுடுவதற்கு ஒப்பமும் வைப்பார்.

பூரணம் சொன்னபடி வில்லை கட்டினாள், சங்கிலி போட்டாள், வாய்க்கூடு பின்னிக் கட்டினாள், பலகையும் தூக்கினாள். அடுத்த பங்குனியில் ஆழ்வாப்பிள்ளை மறுபடி அலவாங்கோடு வந்தார். இம்முறை கிணற்றையே உள்ளே எடுக்கிற எண்ணத்தோடு வந்தார். வீமன் சங்கிலியை அறுத்து, வாய்க்கூட்டையும் கிழித்து, அவரைப் பிடித்தது. பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நாயைப் புதைத்த அன்றைக்கே ஆழ்வாப்பிள்ளை கூலிக்கு ஆட்களைப் பிடித்து, கிணறு தன் பக்கம் வரும்படி புது வேலி போட்டார். அங்கேதான் அவர் ஒரு பிழை விட்டார். வேலி அடைக்கிறவர்கள் நாய் நுழைந்து போக ஒரு பொட்டு விடுவது வழக்கம். வளர்த்த நாய் தனியே போவதென்றால் பொட்டாலேதான் போகும். படலையால் போவதென்றால் வீட்டுக்காரருக்குப் பின்னால்தான் போகும். இனி எந்த நாயும் வரக்கூடாது என்று ஆழ்வாப்பிள்ளை பொட்டை விடாமல் பனையின் கருக்குமட்டை வைத்து இறுக்கி அடைத்தார். குரைப்பு அப்போது பழைய வேலிக் குழிகளுக்குப் பக்கத்தில் நின்றது. புது வேலி எழும்பியபோது அது அவருடைய வளவுக்குள் அகப்பட்டுப் போயிற்று. போக வழியில்லை. ஆகவே அங்கேயே இருந்துவிட்டது.

அன்றிலிருந்து ஆழ்வாப்பிள்ளையோ அவருடைய கூலியாட்களோ பழைய எல்லையைத் தாண்டிக் கிணற்றடிக்கு ஓர் அடி வைத்தால், வெறும் நிலத்திலிருந்து குரைப்பு எழும்பி முழங்கால் மட்டத்தில் சீறும். காலில் பல் படாது. ஆனாலும் துலாக்கயிற்றைப் பிடித்தவன் கயிற்றை விட்டுவிட்டு ஓடினான். ஓடினவன் கூலி கேட்கவும் வரவில்லை. எடுத்த காணியில் ஆழ்வாப்பிள்ளையால் ஒரு வாளி தண்ணீர் அள்ள முடியவில்லை. பூரணத்துக்கோ வேலி மறித்தது. அவளும் மகளும் வைரவர் கோயில் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்தார்கள். வெங்காயத்தறை காய்ந்து வெடித்தது. பூரணம் கிடுகு பின்னி விற்றுச் சீவித்தாள். ஊரார் வேலிகளுக்கெல்லாம் அவள்தான் கிடுகு பின்னினாள், அந்த வேலி உட்பட.

ஆழ்வாப்பிள்ளை குரைப்பைப் பிடித்து வரும்படி இன்னாசித்தம்பியை அனுப்பினார். இன்னாசித்தம்பி சுருக்குத்தடியோடு போய், குரைப்பு நின்ற இடத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, வெறுந்தடியோடு திரும்பி வந்தார். "கழுத்து இருந்தால்தானே ஐயா சுருக்குப் போடலாம்," என்றார். பிறகு பூரணத்தைச் சபைக்குக் கூப்பிட்டார்கள். அவளுடைய நாயின் குரைப்பு அயலாருக்கு இடைஞ்சலும் ஆபத்துமாக இருக்கிறதென்றும், அதைச் சங்கிலியால் கட்டி வாய்க்கூடு போடவேண்டும் என்றும் தலைவர் உத்தரவை வாசித்தார். உறுப்பினர் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் வாய்க்கூடு எந்த அளவில் இருக்கவேண்டும் என்று கேட்டார். பூரணம் அதுவரைக்கும் சபையில் வாய் திறந்தவளல்ல.

"ஆழ்வாப்பிள்ளை அண்ணை," என்றாள், "குரைப்பு நிக்கிறது நீங்கள் வேலி போட்ட காணிக்குள்ளை. அந்தக் காணி உங்கடையெண்டால் குரைப்பும் உங்கடை, நீங்கள் கட்டுங்கோ. குரைப்பு என்ரையெண்டால் காணியும் என்ரை, நான் வந்து கட்டுறன். எது எண்டு சபை சொல்லட்டும்."

சபை சொல்லவில்லை. குரைப்பு பூரணத்துடையது என்றால் கிணற்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தலைவருடையது என்றால் தலைவர் அதற்கு வில்லை எடுக்கவேண்டும். விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். அடுத்த கூட்டம் அதற்கடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தது. இன்னாசித்தம்பி மட்டும் ஒருநாள் தலைவரிடம் தனியாகச் சொன்னார்: வேலியைப் பழைய குழியில் நட்டு, அதில் ஒரு பொட்டு விட்டால் அது தன்பாட்டில் போய்விடும். ஆழ்வாப்பிள்ளை அவரை ஒரு மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்றார். பிள்ளைகளே, மனுஷர் சிலர் இப்படித்தான். நித்திரையைக் கொடுப்பார்கள், நிம்மதியைக் கொடுப்பார்கள், ஊர் சிரிக்கவும் விடுவார்கள். எடுத்த மண்ணைக் கொடுக்கமாட்டார்கள்.

வருஷங்கள் போயின. சபை கூடாமல் போய், அலுவலகக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஒரு நிறச் சீருடை வந்தது, போனது. வேறு நிறச் சீருடை வந்தது. துவக்குகள் ஒழுங்கைக்குள் இஷ்டப்படி நடந்து திரிந்தன. அவற்றுக்கு ஒருவரும் வில்லை கட்டச் சொல்லவில்லை, வாய்க்கூடு போடச் சொல்லவில்லை, ஆபத்து என்று பலகை தூக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும், எந்தப் பாஷை பேசினாலும், பூரணத்தின் படலையில் நின்று அதையே சொன்னார்கள்: நாயைக் கட்டு. நாய் இல்லை என்றாள். அப்படியென்றால் குரைப்பைக் கட்டு என்றார்கள். ஒருவன் குரைப்பை நோக்கிச் சுட்டான். அது சூட்டுச் சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து குரைத்தது.

தொண்ணூறாம் ஆண்டு ஊரிலுள்ள நாய்கள் எல்லாவற்றையும் கொல்லவேண்டும் என்று ஒரு கட்டளை வந்தது. ஆயுதக்காரர் போவதையும் வருவதையும் நாய்கள் குரைத்துக் காட்டிக்கொடுக்கின்றனவாம். வில்லை கட்டிய நாய், கட்டாத நாய் என்ற வித்தியாசமும் இல்லை. கேள்விப்பட்ட அன்று பின்னேரம் ஒழுங்கைப் பெண்கள், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல், வேலியடிக்கு வந்தார்கள். கருக்குமட்டை எடுத்தார்கள், முள் எடுத்தார்கள், தங்கள் தங்கள் வேலியிலிருந்த பொட்டுகளை அடைத்தார்கள். அடைத்துவிட்டு நாய்களுக்குச் சோறு வைத்தார்கள். மறுநாள் ஆயுதக்காரர் வந்து நாய்களைக் கொண்டுபோனார்கள். குரைப்புகள் வளவுகளில் நின்றுகொண்டன.

றெக்ஸையும் கொண்டுபோனார்கள். ஆழ்வாப்பிள்ளை சீமை இனம் என்றார், முன்னாள் தலைவர் என்றார், கையெடுத்தும் கும்பிட்டார். விதி எல்லாருக்கும் ஒன்று என்று சொல்லிவிட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் பூரணம் கிடுகு பின்னிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்கவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன்.

றெக்ஸின் குரைப்பும் போகவில்லை. முன்பக்கம் மதில், பின்பக்கம் அவரே இறுக்கி அடைத்த வேலி. அது வளவைச் சுற்றி வந்து, பழைய எல்லைக்குப் போய், வீமனின் குரைப்புக்கு எதிரே நின்றது. இனி இரண்டும் கடிபட்டுச் சாகும் என்று ஆழ்வாப்பிள்ளை நினைத்தார். அலவாங்கோடு, பல வருஷத்துக்குப் பிறகு, கிணற்றடிக்குக் கால் வைத்தார். முன்னாலே வீமன் குரைத்தது. பின்னாலே றெக்ஸ் அவரை நோக்கியே குரைத்தது. களவுக்கு வந்தவனைக் குரைக்கிற குரைப்பு. அவர் எல்லைக்குத் தன் பக்கம் வந்தால் குழைந்தது, கிணற்றுப் பக்கம் போனால் சீறியது. அவர் போனார், வந்தார், போனார். அவருடைய மனைவி பராசக்தி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் சோறு போட்ட நாயே சொல்லுது," என்றாள். "இனி ஆரிட்டைப் போய்க் கேக்கப்போறியள்?"

அந்த உச்சி வெய்யிலில் ஆழ்வாப்பிள்ளை தானே வேலியைப் பிடுங்கினார். கூலிக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒழுங்கைச் சனம் வந்து நின்று பார்த்தது. ஒருவரும் கை கொடுக்கவில்லை. கிணறு பூரணத்தின் பக்கம் விழும்படி கதியால்களைக் கொண்டுவந்து நட்டுவிட்டு, மூச்சு வாங்க நிமிர்ந்து, "சரிதானே பிள்ளை?" என்றார்.

"இன்னும் தள்ளுங்கோ, அண்ணை," என்றாள் பூரணம். "அவர் இருக்கேக்கை சாண் சாணாய் எடுத்ததும் கிடக்கு."

குரைப்பு ஓயவில்லை. அவர் பிடுங்கினார், தள்ளினார், நட்டார். நமசிவாயத்தின் தகப்பன் காலத்துக் குழி வந்ததும் இரண்டு குரைப்பும் ஒரேயடியாக நின்றன. பொட்டு விடவோ என்று கேட்டார். வேண்டாம் என்றாள் பூரணம். மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. அவர் அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். குணலட்சுமி துலாவில் முதல் வாளியை இறக்கினாள். பாசி பிடித்த தண்ணீர் வந்தது. அதை ஊற்றிவிட்டு மறுபடி இறக்கினாள். அடுத்த தையில் தறையில் வெங்காயம் நின்றது.

95 ஐப்பசியில் சண்டை நெருங்கிவர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதையும் எழும்பிப் போ என்றார்கள். சனம் மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. பூரணம் வீட்டைப் பூட்டவில்லை. அவளும் மகளும் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையால் போனார்கள். வீமன் பின்னால் போயிற்று. ஒவ்வொரு படலையிலும் அப்படித்தான். கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. வாசலில் நின்ற பொறுப்பாளர், கால் வைக்க இடமில்லை, நாய்களை உள்ளே விடமுடியாது, அது விதி என்றார். நாய் ஒன்றும் இல்லையே என்று சனம் சொன்னது. அவர் தலையசைத்தார், பிறகு தன் முழங்காலுக்குப் பக்கத்தால் குரைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போவதைக் கேட்டுக்கொண்டு, கதவை அகலத் திறந்து பிடித்தார். அந்த மழைக்காலத்தில் வகுப்பறைகளில் சனம் நீட்டிப் படுக்க இடமில்லாமல் குந்தியிருந்தே தூங்கியது. ஆனாலும் ஒவ்வொரு குடும்பத்தின் பாய்க்கும் அருகில் ஒரு சாக்கு விரிக்கிற அளவு நிலம் வெறுமையாகக் கிடந்தது. புதிதாக வருகிறவர்கள் அங்கே இருக்கப் போனால், பக்கத்தில் இருந்தவர்கள், "அதிலை ஆள் கிடக்கு," என்று சொல்லி, தாங்கள் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள்.