அம்மாவுக்குப் பக்கத்து இடம்

உடைமுள்ளை வெட்டி வெட்டியே பிலோமிக்கு உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. உப்பளத்துக்குப் பின்னால் கிடக்கும் அந்தக் குடும்பக் கல்லறைத் தோட்டத்தை எட்டிப்பார்க்க வேறு நாதி கிடையாது. தாத்தா தோணி விட்டு நாலு காசு பார்த்த காலத்தில் சுற்றுச்சுவர் வைத்துக் கட்டிய இடம். அவர் பேரன் பேத்திகள் இன்றைக்குச் சென்னையிலும் மஸ்கட்டிலும் ஏசி போட்டுத் தூங்குகிறார்கள். கல்லறைத் திருநாள் வந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் மெழுகுவர்த்திப் படம் போடுவார்கள். அது காற்றில் அணையாதில்லையா! அணைகிற மெழுகுவர்த்தியோடு மல்லுக்கட்டுவதெல்லாம் பிலோமிதான்.

அவள் புருஷன் பாஸ்கல் வேம்பார்க்காரன். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்த பிலோமி, அவன் செத்ததற்குக்கூட அங்கே போகவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. அதனால் கல்லறைக்கு வந்து பேசுவாள். மீன் விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, தன் கால்வலி, எல்லாம் அம்மாவுக்குச் சொல்லியாக வேண்டும்.

அம்மா கல்லறைக்கு வலப்பக்கம் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மண் காலியாகக் கிடந்தது. அதில் ஒரு புல் முளைக்க விடமாட்டாள். தனக்கென்று அவள் ஆசைப்பட்டது அந்த இடம் ஒன்றைத்தான். வேறென்ன கேட்டாள், பாவி மகள்!

இந்த வருஷம் தம்பி ஜெரால்டுக்கு ஞானம் பிறந்துவிட்டது. கப்பல் வேலையில் ஓய்வு பெற்றுச் சென்னையில் இருப்பவன். கல்லறைகளை எடுத்துக் கட்டி, மிச்ச மண்ணுக்கெல்லாம் காங்கிரீட் போட்டுவிட்டால் முள்ளே வராது என்று கொத்தனார் ராஜபாண்டியை அனுப்பிவைத்தான். பிலோமிக்குத் தலைகால் புரியவில்லை. சாய்ந்து கிடந்த சிலுவைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. சுண்ணாம்பு அடித்த கல்லறையைப் பார்த்து, "ஏம்மா, புதுப்பொண்ணு மாதிரில்லா இருக்க" என்று கேலி பண்ணினாள்.

சிமெண்டும் ஜல்லியும் வந்து இறங்கிய அன்றுதான், அந்த வலப்பக்கத்தையும் சேர்த்து மூடப்போகிறார்கள் என்று தெரிந்தது. உடனே போனை எடுத்தாள்.

"ஏலே ஜெரால்டு, அம்மா பக்கத்துல மட்டும் மண்ணா விடச் சொல்லு. அது எனக்குலா."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"அக்கா, கட்டிக்குடுத்த பிள்ளைய மாப்பிள்ள வீட்டுக் கல்லறையிலதான அடக்கம் பண்ணுவாங்க? ஊரு என்ன சொல்லும்? மச்சான் அங்கன வேம்பார்லலா இருக்காரு."

"இருக்கான். சேத்துக்கிட்டவளும் பக்கத்துலயேதான் படுத்திருக்கா. நான் எங்கன படுக்க, ரெண்டு பேருக்கும் நடுவுலயா?"

"இப்ப எதுக்குக்கா சாவப்பத்திப் பேசுத? நீ நல்லா இருப்ப. காங்கிரீட்டுக்குத் தண்ணி மட்டும் மறக்காம விட்டுரு. ஒன்ன விட்டா அங்கன யாரு இருக்கா?"

போனை வைத்துவிட்டான். முள் வெட்ட பிலோமி வேண்டும், தண்ணீர் விட அவள் வேண்டும், படுக்க மட்டும் ஆகமாட்டாள். அம்மா கல்லறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்; கேட்க ஒரு குஞ்சு குளுவான் இல்லாத இடத்தில் வெட்கம் எதற்கு?

சாயங்காலத்துக்குள் காங்கிரீட் போட்டு முடித்தார்கள். ராஜபாண்டி சாகுபுரத்தில் வேறு வேலைக்குக் கிளம்பினான்.

"யக்கா, வெயிலு கொளுத்துது. காலையும் சாயந்தரமும் நல்லா நனைச்சிரணும், கேட்டியளா? காயவிட்டா வெடிச்சிரும். உப்புத்தண்ணி ஆகவே ஆகாது."

தெருமுனைக் குழாயிலிருந்து பிலோமி குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்தாள். தாத்தா பக்கம் ஊற்றினாள். சித்தப்பா பக்கம் ஊற்றினாள். பிறந்தவுடனே போன அண்ணன் பக்கமும் ஊற்றினாள். இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது. ஆனாலும் ஒருநாள்கூட நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் ராஜபாண்டி வேலையைப் பார்க்க வந்தான். தளம் முழுக்க ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. அம்மாவின் வலப்பக்கம் மட்டும் சாம்பலாக வெளுத்து, குறுக்கும் நெடுக்கும் கீறல் விட்டிருந்தது. குனிந்து கீறலை விரலால் தடவிப் பார்த்தான்.

"என்ன யக்கா, இங்கன மட்டும் தண்ணியே விடலியா? வெடிச்சுப்போச்சே!"

பிலோமி காலிக்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"வெடிக்கட்டும்லே. நான் உள்ள போவணும்லா."